சாவா மூவாக் கடன்

என் பேத்தி சென்னையில் பொருளாதாரமும் நிதியியலும் சேர்ந்த இளங்கலைப் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்குத் தஞ்சாவூருக்கு வரும்போது துணிமணியைவிடப் பாரமான ஒரு புத்தக மூட்டையையும் சுமந்துகொண்டு வருவாள். அவற்றைத் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு, தனக்குப் புரியாததைக் கேட்பவள்போல என்னைப் பரீட்சை செய்வது அவளுக்கு ஒரு விளையாட்டு. சென்ற கோடையில் ஒரு மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "தாத்தா, உங்களுக்கு நூறு ரூபா இன்னிக்கு வேணுமா, பத்து வருஷம் கழிச்சு வேணுமா?" என்றாள்.

"இன்னிக்கே கொடும்மா. பத்து வருஷம் கழிச்சு வாங்கிக்க நான் இருக்கணுமே" என்றேன்.

சிரித்தாள், சிரித்தவள் சற்றைக்கெல்லாம் முகம் மாறி, "அப்போ நீங்க இல்லாத காலத்துல வர்ற நூறு ரூபாய்க்கு மதிப்பே கிடையாதா?" என்று கேட்டாள். விடை சொல்லத் தெரியாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

நானும் ஒரு காலத்தில் பொருளாதாரம் படித்தவன்தான். வருங்காலத்தில் வரக்கூடிய ஒரு தொகையை வட்டி விகிதத்தால் கழித்துக் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் முறையை, கிளார்க்கின் லாகரிதம் அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு பிற்பகல் வகுப்பில் இருபது நிமிஷத்தில் கற்றுக்கொண்டேன். கற்பித்தவர் நல்ல ஆசிரியர். கணக்கில் ஒரு பிசகும் விடமாட்டார். ஆனால் அது ஒரு கணக்கு என்று மட்டும்தான் சொன்னாரே தவிர, அந்தக் கணக்கின் அடியில் ஒரு பெரிய வழக்கு புதைந்து கிடக்கிறது என்பதையும், நூற்றாண்டுக் கணக்கில் சமய ஆசாரியர்கள் அதைப் பாவம் என்று தள்ளியும் வேறு பெயரில் மீண்டும் உள்ளே அழைத்தும் வந்தார்கள் என்பதையும் அவர் சொல்லவில்லை. பேத்தியின் புத்தகத்திலும் அதைத் தேடினேன். முதல் அத்தியாயத்திலேயே சூத்திரம் வந்துவிடுகிறது, வழக்கைக் காணோம்.

வழக்கு மிகப் பழையது. கிரேக்க மொழியில் வட்டிக்கு வழங்கிய சொல்லுக்குப் பிள்ளை என்பது பொருள். பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு முற்றிலும் மாறானது என்று அரிஸ்டாட்டில் கடிந்ததற்கு அந்தச் சொல்லே ஒரு தூண்டுகோல். நம்மவர்களும், 'கடன் குட்டி போட்டுவிட்டது' என்று பெருமூச்சு விடும்போது, அரிஸ்டாட்டிலைப் படிக்காமலே அவர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இன்னும் நுட்பமாகப் பேசினார்: திராட்சை மதுவைக் குடித்தால் மது தீர்ந்துபோகிறது, ஆகையால் மதுவுக்கு ஒரு விலையும் அதைக் குடிப்பதற்கு வேறொரு விலையும் கேட்பவன் ஒரே பொருளை இரண்டு தடவை விற்கிறான், பணமும் அப்படிச் செலவில் தீரும் பொருளே என்பது அவர் வாதம். அக்காலத்துக் கிறிஸ்தவப் பிரசங்கிகள் அதனையும் கடந்து, வட்டிக்காரன் விற்பது காலத்தை, காலமோ ஆண்டவனுடைய சொத்து, ஆகவே அவன் திருடன் என்றே தீர்த்துவிட்டார்கள். உறங்கும்போதும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்கூட அவன் காசு உழுதுகொண்டிருக்கிறதே என்பதில் அவர்களுக்குத் தனிப்பட்ட கோபம்.

இஸ்லாம் கடனுக்கு மேல் பெறும் 'ரிபா'வை விலக்கியது. ஆனாலும் ஒரு பொருளை ரொக்கத்துக்கு ஒரு விலையும் தவணைக்கு அதைவிடக் கூடுதலான விலையும் வைத்து விற்பதை அதன் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்தார்கள். காலம் பொருளின் முதுகில் ஏறி வரலாம், தனியாக நடந்து வரக்கூடாது என்ற பேதம் அதில் இருக்கிறது. நம் நாட்டு நூல்கள் வட்டியை விலக்கவில்லை, அளந்தன. கௌடில்யர் நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் பணம் தருமமான வட்டி என்று தொடங்கி, வியாபாரிகளுக்கு ஐந்து, காட்டு வழியில் போகிறவர்களுக்குப் பத்து, கடல் கடந்து போகிறவர்களுக்கு இருபது என்று ஏற்றிக்கொண்டே போகிறார். அபாயத்துக்கு ஏற்ற விலை என்று இன்று பேத்தியின் வகுப்பில் கரும்பலகையில் வளைகோடாக வரைகிறார்களே, அந்தக் கோட்டின் நான்கு புள்ளிகள் அவை. தர்மசாஸ்திரம் இன்னொரு வேலியும் போட்டது: எவ்வளவு காலம் கழிந்தாலும் ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி முதலுக்கு மேற்படலாகாது. 'தாம்துபட்' என்ற பெயரில் இதைப் பம்பாய், கல்கத்தா நீதிமன்றங்கள் ஆங்கிலேயர் காலத்திலும் அனுசரித்தன. 1938இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், முதலைப்போல் இரண்டு மடங்கு கட்டிவிட்ட குடியானவனுடைய கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று விதித்ததில் அந்தப் பழைய வேலியின் நிழல் தெரிகிறது.

இவ்வளவும் உயிரோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு இடையிலுள்ள விவகாரம். கொடுப்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன். ஒருவன் பேராசைக்காரனாகவும் மற்றவன் கதியற்றவனாகவும் இருக்கலாம். ஆனாலும் இருவரும் பாயில் எதிரெதிரே இருக்கிறார்கள், பேரம் பேச வாய் இருக்கிறது, மிஞ்சினால் பஞ்சாயத்துக்குப் போகலாம். இந்த எல்லைக்குள் வட்டியை ஒரு விலையாகவே நான் ஒப்புக்கொள்கிறேன். என் பணத்தை நீ வைத்திருக்கிறாய், அதனால் எனக்கு ஒரு வயல் வாங்க முடியாமல் போயிற்று, அதற்கு ஈடு கொடு என்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பேத்தி கேட்டது இந்த விவகாரத்தை அல்ல. பாயில் இன்னும் வந்து உட்காராதவனைப் பற்றி அவள் கேட்டாள்.

அதற்கு விடை தேடி நான் வெகு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பெரிய கோயில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் சுவர்களைக் கல்லால் ஆன ஒரு கணக்குப் புத்தகம் என்று சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் படித்து அச்சிட்ட அந்தக் கல்வெட்டுகளில், கோயில் பண்டாரத்துக் காசைச் சோழ நாட்டுக் கிராம சபைகள் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசையாகச் சந்திர சூரியர் உள்ளவரை செலுத்துவதாக ஏற்றுக்கொண்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பொலிசை என்பது வட்டி. களத்து மேட்டில் நெல்லைத் தூற்றும்போது 'பொலி, பொலி' என்று கூவுவார்களே, அந்தப் பொலியிலிருந்து பிறந்த சொல். குட்டி போடுகிறது என்று அருவருப்பவன் ஒருவன், பொலிகிறது என்று வாழ்த்துகிறவன் ஒருவன். இருவரும் ஒரே தமிழன்தான்.

அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இப்பொழுது பேத்தியின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டுதோறும் ஒரு காசு, முடிவே இல்லாமல், என்றென்றைக்கும் வந்துகொண்டிருக்குமானால் அதன் இன்றைய மதிப்பு என்ன? ஒன்றை விகிதத்தால் வகுக்கவேண்டும் என்கிறது சூத்திரம். ஒன்றை அரைக்காலால் வகுத்தால் எட்டு. எட்டுக் காசு கொடுத்தால் சந்திராதித்தர் உள்ளவரை ஆண்டுக்கு ஒரு காசு! நித்தியத்துக்கு எட்டுக் காசு விலை. அவள் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சபையார் ஒப்புக்கொண்ட கணக்கும், கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த ஒருவர் திரையில் காட்டிக் கற்பித்த கணக்கும் ஒரு காசுகூடப் பிசகாமல் ஒத்திருந்தன.

கணக்கு ஒன்றுதான், நிற்கிற இடம் வேறு. சூத்திரம் இன்றைய தினத்தில் நின்றுகொண்டு எதிர்காலத்தைப் பார்க்கிறது. அதன் கண்ணுக்கு ஐம்பதாவது ஆண்டு மங்கலாகவும் நூறாவது ஆண்டு ஒரு புள்ளியாகவும் தெரிகிறது. பன்னிரண்டரை விகிதத்தில் நித்தியத்தின் மதிப்பில் பாதி முதல் ஆறு ஆண்டுகளுக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. கோயிலுக்கு அறக்கட்டளை வைத்தவனோ ஏதோ ஒரு தூரத்து இரவில், தானும் தன் பிள்ளையும் பேரனும் சாம்பலாகிவிட்ட பிறகு வரும் ஓர் இரவில் நின்றுகொண்டு, அங்கே விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்திருக்கிறான். அவனுக்கு முதல் நாள் விளக்கும் அந்த இரவின் விளக்கும் ஒரே விளக்கு. தொலைவில் இருக்கிறது என்பதற்காக அதில் நெய்யைக் குறைக்கச் சொல்லி அவன் எழுதி வைக்கவில்லை.

விளக்கு எரிந்தது எப்படி என்பது அதைவிடச் சுவையான விஷயம். நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்பது சோழர் காலத்துப் பரவலான கணக்கு; தொண்ணூறு என்று சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. ஆடுகளை இடையனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் கொடுத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை! ஆடு செத்தது, மூத்தது, நரி தூக்கிக்கொண்டு போயிற்று. எண்ணிக்கை மட்டும் சாகவில்லை. குறைந்ததை இடையன் நிரப்பவேண்டும். அவனால் முடியாவிட்டால் அவன் உறவினர் பொறுப்பு. மூலதனம் குன்றாமல் காக்கப்பட்டது என்று இதைப் பேத்தி சொல்லுவாள். அபாயம் முழுவதும் இடையன் தலையில் கட்டப்பட்டது என்றும் அதே மூச்சில் சொல்லுவாள். இரண்டும் உண்மை. தருமவான்களின் நித்தியத்தை யாரோ ஒரு கோவணாண்டி மழையிலும் வெயிலிலும் மேய்த்துக்கொண்டு திரிந்தான் என்பதை மறந்துவிட்டு அந்தக் கல்வெட்டைப் பார்த்துக் கண்ணீர் உகுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இதே ஜாதிப் பத்திரம் ஒன்று உலகத்தின் மறுகோடியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1648இல் ஹாலந்து தேசத்தில் லெக் என்னும் நதியின் கரையைப் பழுதுபார்ப்பதற்காக அந்த ஊர் நீர் வாரியம் ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அது. முதலைத் திருப்பித் தரவேண்டியதில்லை, வட்டி மட்டும் என்றென்றைக்கும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2003இல் அதை ஏலத்தில் வாங்கி நூலகத்தில் வைத்திருக்கிறது. 2015இல் பன்னிரண்டு வருஷ பாக்கி வட்டி 136 யூரோ சொச்சத்தைக் கேட்டு வாங்கியும் வந்துவிட்டது. நதிக்கரை காக்கப்பட்டால் பயன் பெறுவது யார்? அப்போது பிறந்திராத பேர்வழிகள். வட்டி கட்டுவது யார்? அவர்களேதான். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஊர் இடையனுக்கு இப்படி ஒரு நியாயம் கிடைத்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

இனி, பொருளாதார சாஸ்திரிகள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பார்க்கவேண்டும். அவர்கள் எல்லோரும் மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதியவர்கள் என்பது அவர்களைப் படியாதவர்களுடைய அபிப்பிராயம். கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்த பிகு, 1920இல் வெளியிட்ட தமது நூலில், தொலைவில் உள்ள இன்பத்தை நாம் சிறியதாகக் காண்பதற்குக் காரணம் அது சிறியதாக இருப்பது அல்ல, தொலைநோக்கும் நம் சக்தி பழுதாக இருப்பதே என்றார். அவருக்குப் பின் அதே ஊரில் ஃபிராங்க் ராம்ஸே என்ற இளைஞர் 1928இல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார்: பிற்காலத்து இன்பத்தைக் காலம் பிந்தியது என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்து மதிப்பதை ஒழுக்க நெறிப்படி நியாயப்படுத்த முடியாது, அது கற்பனா சக்தியின் பலவீனம் என்பது அவர் கட்சி. இந்த ராம்ஸே கடவுள் நம்பிக்கை அற்றவர். அவருடைய தம்பி மைக்கேலோ பிற்காலத்தில் கான்டர்பரியின் தலைமைப் பேராயர் ஆனவர். ஆண்டவனுடைய சொத்தாகிய காலத்தை விற்கலாமா என்று மத்தியகாலப் பாதிரிகள் கேட்டதை, ஆண்டவனை நீக்கிவிட்டு அண்ணன் கேட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் விஷயம் அத்துடன் முடிந்திருந்தால் ராம்ஸேயைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்கமாட்டேன். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1925இல், நண்பர்களின் கழகம் ஒன்றில் அவரே பேசியபோது, உலகம் ஒரு நாள் குளிர்ந்து எல்லா உயிர்களும் மாண்டுபோகும், ஆயினும் அது வெகு தூரத்தில் இருப்பதால் கூட்டு வட்டிப்படி கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஒரே மனிதர், நண்பர்களிடையே பேசும்போது எதிர்காலத்தைக் கழித்துத் தள்ளுகிறார், சமூகத்துக்காகக் கணக்கெழுத உட்கார்ந்தால் கழிக்காதே என்கிறார். முரண்பாடு என்று இதைச் சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வாழ்வை மனிதன் தன் இடத்திலிருந்துதான் பார்க்கமுடியும். பிறர் வாழ்வுக்கு விலை போடும்போது தன் இடம் உலகத்தின் நடுவிடம் அல்ல என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். 1930ஆம் ஆண்டு ஜனவரியில், இருபத்தாறு வயதில், அவர் காலமானார்.

நம் காலத்தில் இந்த வழக்கு புவி வெப்பமாவதைப் பற்றிய விசாரணையில் மறுபடியும் எழுந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு நேரக்கூடிய ஒரு லட்ச ரூபாய் நஷ்டத்தைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? பன்னிரண்டு சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ரூபாய் இருபது காசு, ஐந்து என்றால் சுமார் 760 ரூபாய், 1.4 என்றால் ஏறக்குறைய 24,900. 2006இல் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்த நிக்கோலஸ் ஸ்டெர்ன், காலம் பிந்தியது என்பதற்காக மட்டும் கழிக்கும் பங்கை ஆண்டுக்கு 0.1 சதவிகிதம் என்றே வைத்தார். அந்தச் சொற்பமும் மனித குலமே அழிந்துபோகக் கூடும் என்ற சந்தேகத்துக்காகத்தான். 2018இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்டவுஸ், சந்தையில் மனிதர்கள் உண்மையில் நடந்துகொள்ளும் விதத்துக்கு அது பொருந்தாது என்று வாதாடினார். அவர் கூற்றிலும் சாரம் இல்லாமல் இல்லை. கழிவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால், பின்னால் வரும் எண்ணற்ற கோடி ஜனங்களின் பெயரைச் சொல்லி இன்றைய ஏழையின் வாயிலிருந்து கவளத்தைப் பிடுங்கிவிடலாம். எல்லையற்ற எதிர்காலத்தின் முன்னால் எந்தத் தியாகமும் போதாது என்றாகிவிடும். மறுபடியும் அந்த இடையன்தான் ஆடு மேய்க்கவேண்டும்.

என் மனத்துக்குச் சரியென்று தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இரு தரப்பாரும் எதிர்காலத்து மனிதனைத் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிற ஒருவனாகவே நினைக்கிறார்கள். அவன் இலையில் எவ்வளவு வைப்பது என்பதில்தான் தகராறு. நம் பழைய எண்ணம் வேறு. பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை சொல்லுகிறது. சொன்னது பிராமணனைப் பற்றி என்றாலும் அந்த எண்ணத்தை அவ்வளவு சிறிய வீட்டில் பூட்டி வைக்கவேண்டியதில்லை. தேவர்களுக்குப் பட்ட கடனை யாகத்தாலும், ரிஷிகளுக்குப் பட்டதைக் கல்வியாலும், பிதிரர்களுக்குப் பட்டதைச் சந்ததியாலும் தீர்க்கவேண்டுமாம். இந்தக் கடனுக்குப் பத்திரம் இல்லை, வட்டி இல்லை. வியப்பு என்னவென்றால், கொடுத்தவனிடம் திருப்பிக் கொடுக்க வழியும் இல்லை. ரிஷி எங்கே போய்விட்டாரோ! படித்து, அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், தீர்ந்தது. முன்னால் இருந்தவனிடம் வாங்கியதைப் பின்னால் வருபவனிடம் செலுத்துகிற இந்த வரவு செலவில், இன்னும் பிறக்காதவன்தான் நம்மிடம் வசூலிக்க வருகிறவன். கடன் கொடுத்தவன் வர நேரமாகிறது என்பதற்காகக் கடன் தேய்ந்துபோகுமா? புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும் என்று சட்டம் சொல்லுகிறது, வாஸ்தவம். அந்தச் சட்டத்தை நம்பி அப்பன் பட்ட கடனை மறுத்தவனை ஊர் என்ன சொல்லிற்று என்பதும் எனக்குத் தெரியும். பொறுப்புக்கும் பாக்கிக்கும் சேர்த்துக் கடன் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் பாஷையில் வளர்ந்தவளுக்கு இதை நீட்டிச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, கல்லூரியில் கொடுத்திருந்த ஒரு பயிற்சியைக் கணினியில் செய்துகொண்டிருந்தாள். ஏதாவது ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் இன்றைய நிகர மதிப்பைக் கணக்கிடவேண்டும். அவள் எடுத்துக்கொண்டது ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுவது. பனை காய்க்கப் பதினைந்து இருபது வருஷம்கூட ஆகலாம். பன்னிரண்டு சதவிகிதத்தில் போட்டால் இருபதாம் வருஷத்து நூறு ரூபாய் நுங்கு இன்றைக்குப் பத்து ரூபாய். திட்டம் நஷ்டம், மரம் வேண்டாம் என்று கணினி சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் பனை நிற்கிறது, யாரோ ஊன்றியிருக்கிறார்கள்.

"தாத்தா, இந்த விகிதத்தை எவ்வளவுன்னு போடறது? வாத்தியார் நீங்களே தீர்மானம் பண்ணுங்கன்னுட்டார்."

"யாரைக் கேட்டுத் தீர்மானம் பண்ணப் போறே?"

அவள் பதில் சொல்லாமல், இருந்த எண்ணை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். வெறுங்கட்டத்தைக் கணினி பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுமாம். ஒவ்வொரு வருஷத்து நுங்கும் அதனதன் முழு மதிப்போடு வரிசையாக வந்து நின்றது. இருபதாம் வருஷமும் ஐம்பதாம் வருஷமும் முதல் வருஷத்துக்குச் சமமாக நின்றன. அடியில், 'என்றென்றைக்கும்' என்று அவள் பெயரிட்டிருந்த கடைசிக் கட்டத்தில் மட்டும் எண் வரவில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழைக்குறி வந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கணினியை அணைக்காமலே எழுந்து, காலையில் வெயிலுக்கு முன்னால் கோயிலுக்குப் போய் அந்த ஆட்டுக் கணக்குக் கல்வெட்டைக் காட்டமுடியுமா என்று கேட்டாள்.